சிறு வீட்டுத் தொழிலும் தனிச் சந்தையும்

(ஜமாஅத் மகளிர் சுயதொழில் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீட்டிலிருந்தே தொழில் செய்யும் நம் பெண்மணிகள் பலருக்கும் ஒரே கவலை. "பொருள் தரமாகத்தான் இருக்கிறது, ஆனால் கடைத்தெருவில் அதைவிட மலிவாகக் கிடைக்கிறதே, நம்மிடம் யார் வாங்குவார்?" என்கிறார்கள். இதற்கு விடை காணத் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையைப் பார்த்தால் போதும்.

தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைக் கொண்டு அவ்வூர் லெப்பைக் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பாய் நெய்து வருகின்றன. கோரையைக் கீறி, உலர்த்தி, ஆற்று நீரில் ஊறவைத்து, மீண்டும் மெல்லிய இழைகளாக்கிச் சாயமேற்றிய பின்னரே நெசவு தொடங்கும். நயமான பட்டுப்பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 1953-ல் இங்கிலாந்து ராணி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்குப் பரிசாகச் சென்றதும் பத்தமடைப் பாயே.

பிளாஸ்டிக் பாய் வந்ததும் சாதாரணக் கோரைப்பாயின் விற்பனை சரிந்தது. விலையில் அதனோடு போட்டியிட எவராலும் இயலாது. ஆனால், மணமக்களின் பெயரை நெய்து தரும் கல்யாணப் பாய் நிலைத்திருக்கிறது. ஒரேயொரு கல்யாணத்துக்காக எந்தத் தொழிற்சாலையும் எந்திரத்தை மாற்றி அமைக்காது. கல்யாண வீட்டாரும் மலிவைத் தேடி வருபவர்கள் அல்லர். தனிச் சந்தை என்பது இதுதான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பெயர் நெய்த பாயை வேறொருவருக்கு விற்க முடியாது. ஆகவே, மூலப்பொருள் செலவையும் கூலியில் ஒரு பகுதியையும் முன்பணமாகப் பெறாமல் நெசவைத் தொடங்கலாகாது. பெயர்களை எழுத்தில் வாங்கிக்கொள்வதும் அவசியம். ஓர் எழுத்துப் பிழையால் முழு உழைப்பும் வீணாகிவிடும்.

விலை நிர்ணயத்தில்தான் நம்மவர்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். உதாரணத்துக்கு, ஒரு பாய்க்கு 20 நாள் உழைப்பும் 800 ரூபாய் மூலப்பொருளும் ஆவதாக வைத்துக்கொள்வோம். அதை 4,000 ரூபாய்க்குக் கொடுத்தால் நாளொன்றுக்கு 160 ரூபாய்தான் தேறும். நாளுக்கு 300 ரூபாயாவது வேண்டுமெனில் 6,800 ரூபாய் சொல்ல வேண்டும். வீட்டில் சும்மா இருக்கும் நேரம்தானே என்று உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவர், தம் கூலியைத் தரகருக்கு இனாமாகக் கொடுக்கிறார்.

பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பாதுகாப்பு நெய்பவருக்கு முழுமையாகப் பயன்பட, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராக அவர் தனியே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

உணவுப் பொருளுக்கும் இதே வழிதான். கீழக்கரைத் தொதலைக் கீழக்கரையிலேயே விற்பதைவிட, சென்னையிலும் வளைகுடாவிலும் வாழும் அவ்வூராரிடம் கொண்டுசேர்ப்பது மேல். ஊர்ச் சுவைக்காக அவர்கள் ஏங்குகிறார்கள். வீட்டுச் சமையலானாலும் விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவை என்பதை மறந்துவிட வேண்டாம்.

கல்யாண மாதங்களில் ஆர்டர்கள் குவியும். 20 நாளில் ஒரு பாய் முடிப்பவர் ஒரே மாதத்தில் மூன்று பாய்களுக்கு ஒப்புக்கொண்டால், இரண்டு கல்யாணங்களுக்குப் பாய் போய்ச் சேராது. மிகுதி ஆர்டரைப் பக்கத்து வீட்டுத் தறிக்கு அனுப்பிவையுங்கள். அவர் கை ஓயாதபோது அவரும் உங்களிடம் அனுப்புவார்.