இல்லத்தில் நாக மிளகாய்
(நம் சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் இளைஞர் சிலர் வீட்டு மாடியில் பெருங்கார மிளகாய்களை வளர்க்கத் தலைப்பட்டுள்ளனர். அதுபற்றிப் பெற்றோர் பலர் வினவியமையால், சில கூறுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். அச்செடியை வேண்டாவென விலக்குதற்கு யாம் எழவில்லை. எம் மாடியிலும் இரண்டு உள. வளர்ப்பது வேறு, பந்தயத்திற்கு உண்பது வேறு என்பதே யாம் சொல்ல வந்தது.

மிளகாய் என்னும் பெயரே அதன் வரலாற்றை உணர்த்தும். பழந்தமிழர்க்கு உறைப்புத் தந்தது மிளகு. அதனைக் கறி என்றும் வழங்கினர். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இக்காயைப் போர்த்துக்கீசியர் கொணர்ந்தபோது, மிளகுபோல் உறைக்கும் காய் என்று நம்மவர் பெயரிட்டனர். சங்க நூல்களில் மிளகாயைத் தேடுவார் வெறுங்கையோடு மீள்வர்.

காரத்தை அளக்க 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்னும் அமெரிக்க மருந்தியலார் ஒரு முறை வகுத்தார். மிளகாய்ச் சாற்றில் உறைப்பு நாவிற்குத் தோன்றாதொழியும்வரை சர்க்கரை நீர் சேர்த்து, எத்தனை மடங்கு சேர்ந்தது என எண்ணுவதே அது. இக்காலத்தில் நாவின் வேலையைக் கருவி செய்கிறது. குடைமிளகாயின் எண் சூனியம். அஸ்ஸாமிலும் நாகாலாந்திலும் விளையும் நாக மிளகாய் பத்து லட்சத்தைக் கடந்து 2007-இல் கின்னஸ் நூலில் இடம் பெற்றது. பின்னர் 2013-இல் கரோலினா ரீப்பரும், 2023-இல் 26,93,000 என்னும் எண்ணோடு பெப்பர் எக்ஸும் அதனை விஞ்சின. ஆயினும் நாக மிளகாய்க்குரிய நாட்டார் அன்றாட உணவில் அதனைச் சிறிதாகவே சேர்ப்பர். குடும்பம் முழுமைக்கும் ஆக்கிய குழம்பில் மணத்தின் பொருட்டு ஒரு காயை இடுவர். அஸ்ஸாமில் யானையை விலக்க வேலிக்கயிற்றிலும் அதனை அரைத்துப் பூசியதுண்டு.

இனி வளர்க்கும் முறை. இதன் விதை நம் சம்பா மிளகாய்போல் விரைந்து முளைப்பதன்று. இரண்டு முதல் நான்கு வாரம் வரை செல்லும். பொறுமையற்றவர் மண்ணைக் கிளறிப் பார்த்தே முளையைக் கெடுப்பர். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்து, ஈரம் மாறாது, கதகதப்பான இடத்தில் வைத்தல் வேண்டும். ஆவணியில் விதைப்பது நன்று. பகல் வெப்பம் 35 பாகையைக் கடந்தால் பூக்கள் உதிரும். ஆவணி நாற்றோ மார்கழி, தைக் குளிர்ச்சியில் பூத்துக் காய்க்கும். ஆறு இலை விட்டபின், அடியில் துளையுள்ள பெருந்தொட்டிக்கு மாற்றுக. ஐப்பசி மழையில் தொட்டியில் நீர் தேங்கினால் வேர் அழுகும். இலை சுருண்டால் அடிப்புறத்தைப் பாருங்கள். பேன் இருப்பின், சிறிது சோப்பு நீரிற் கலந்த வேப்பெண்ணெயை மாலையில் தெளியுங்கள். கோடை வெயிலுக்கு நிழல்வலை வேண்டும். விதைக்கென்று வைக்கும் பூவை மெல்லிய துணிப்பையால் மூடுக; இன்றேல் வண்டுகள் அடுத்த தொட்டி மிளகாயோடு கலந்துவிடும்.

காரம் விதையில் உள்ளதென்பர். அன்று, விதை ஒட்டியிருக்கும் வெண்சதையிலேயே அது மிகுதி. கிளி இப்பழத்தைக் கொத்தித் தின்று யாதொன்றும் அறியாதது போலப் பறந்துபோகும். பறவைக்கு இக்காரம் தோன்றாது. மனிதர்க்கு அங்ஙனமன்று. அரியும்போது கையுறை அணிக. கையிற் பட்டால் முதலில் எண்ணெய் தேய்த்துப் பின் சோப்பிட்டுக் கழுவுக; காரப்பொருள் நீரிற் கரைவது அரிது. வாய் எரிந்தால் பாலோ தயிரோ உதவும். கண்ணிற் பட்டால் நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, எரிச்சல் தணியாவிடின் மருத்துவரிடம் செல்லுங்கள். தாளிக்கையில் சாளரங்களைத் திறந்து வையுங்கள். ஆஸ்துமா உடையார் அப்புகையில் நில்லற்க.

இளைஞர்களுக்கு ஒன்று. 2023-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், பந்தயப் பண்டமாக விற்கப்பட்ட காரச்சில்லு ஒன்றைத் தின்ற பதினான்கு வயதுச் சிறுவன் அன்றே உயிர் நீத்தான். கரோலினா ரீப்பர் தூள் அதில் சேர்ந்திருந்தது. காரப்பொருள் மிக்க உணவை உட்கொண்ட நிலையில் அவன் இதயமும் மூச்சும் நின்றன என்றும், இதயம் இயல்பினும் பெரிதாயிருந்தது என்றும் பரிசோதனையிற் கண்டனர். தன் இதயத்தின் நிலையை எந்தப் பிள்ளை அறிந்து பந்தயத்தில் இறங்குகிறான்?

எம்மிடம் எட்டு நாற்றுகள் உள. வேண்டுவோர் கூட்ட முடிவில் பெற்றுக்கொள்ளலாம். தவழும் குழந்தை உள்ள வீட்டார் மட்டும் அடுத்த ஆண்டு வாங்கிக்கொள்ளுங்கள்.