உத்தரவாதமும் கடனே!
அமெரிக்க ஆண்டுத்தொகை கம்பெனிகள் கணக்கு எழுதும் விதம்

(இன்ஷூரன்ஸ் ஊழியர்களும் பென்ஷன் பெறுவோரும் கலந்துகொண்ட ஒரு வகுப்பில் ஆற்றிய உரை)



அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் விற்கும் ஒரு சரக்கைப் பற்றியும், அதோடு சேர்த்து அவை கொடுக்கும் உத்தரவாதத்தை எப்படிக் கணக்கு எழுதுகின்றன என்பதைப் பற்றியும் இன்று நாம் பேசப்போகிறோம். "இது கணக்கர்களின் விவகாரம், நமக்கென்ன?" என்று சிலர் நினைக்கலாம். அப்படித் தள்ளிவிட முடியாது. இருபது வருஷம் கழித்து ஒரு முதியவருக்குக் கொடுக்க வேண்டிய பணம் கம்பெனியிடம் இருக்குமா, இருக்காதா என்பது இன்று ஐந்தொகையில் எழுதப்படும் ஓர் எண்ணைப் பொறுத்தது. அந்த எண்ணைக் குறைத்துப் போட்டால் இன்று லாபம் தெரியும். லாபம் தெரிந்தால் பங்குதாரர்களுக்கு டிவிடெண்டு போகும். நிர்வாகிகளுக்கு போனஸ் போகும். பின்னால் பற்றாக்குறை வரும்போது, போனது திரும்பி வராது.

சரக்கு என்ன?

பழைய முறை ஆண்டுத்தொகை நமக்குத் தெரிந்ததே. மொத்தமாக ஒரு தொகை கட்டினால், உயிரோடு இருக்கும்வரை வருஷாவருஷம் நிச்சயமான ஒரு தொகை வரும். விலைவாசி ஏறினாலும் அது ஏறாது. இந்தக் குறையைச் சொல்லி 1952-ல் அமெரிக்கக் கல்லூரி ஆசிரியர்களுக்காக 'கிரெஃப்' என்ற பென்ஷன் நிதி தொடங்கப்பட்டது. கட்டிய பணம் பங்குகளில் போடப்படும். பங்கு விலை ஏறினால் பென்ஷன் ஏறும், இறங்கினால் இறங்கும். இதற்கு 'வேரியபிள் ஆன்யுட்டி' என்று பெயர். நாம் 'மாறும் ஆண்டுத்தொகை' என்று சொல்லிக்கொள்வோம்.

இது இன்ஷூரன்ஸா, பங்குப் பத்திரமா என்ற தகராறு அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. பங்குப் பத்திரச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதே என்று 1959-ல் தீர்ப்பாயிற்று. முதலீட்டின் ஆபத்தை வாங்கியவர் தலையிலேயே கட்டிவிட்டு, கம்பெனி அதில் எதையும் ஏற்காவிட்டால் அதை இன்ஷூரன்ஸ் என்று எப்படிச் சொல்வது? இதுதான் கோர்ட்டின் வாதம்.

அந்தக் காலத்தில் கணக்கு எளிது. வாடிக்கையாளரின் பணம் 'தனிக் கணக்கு' என்ற பெட்டியில் இருக்கும். கம்பெனியின் சொந்தச் சொத்து 'பொதுக் கணக்கு' என்ற பெட்டியில் இருக்கும். தனிக் கணக்கில் நூறு டாலர் இருந்தால், கொடுக்க வேண்டியதும் நூறு டாலரே. சந்தை விழுந்து அறுபதானால், கொடுக்க வேண்டியதும் அறுபதே. கம்பெனிக்கு நஷ்டம் இல்லை.

பிறகு போட்டி வந்தது. வெறும் பங்கு நிதியை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றபோது, இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் உத்தரவாதத்தைச் சேர்த்துக் கட்டின. முதலில், "இறந்துபோனால் கட்டிய பணத்துக்குக் குறையாமல் வாரிசுக்குத் தருவோம்" என்றன. 1990-களில், "சந்தை எப்படிப் போனாலும் குறைந்தபட்சம் இவ்வளவு வருமானம்" என்றன. 2000-க்குப் பின், "வருஷத்துக்கு இத்தனை சதவீதம் எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கணக்கு காலியானாலும் நாங்கள் தொடர்ந்து தருவோம்" என்றன. இதற்கென்று வருஷாவருஷம் தனிக் கட்டணமும் பிடித்தார்கள்.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. பணம் இருப்பது தனிக் கணக்கில். வாக்குறுதியோ பொதுக் கணக்கின் தலையில்.

சாவு வேறு, சந்தை வேறு

ஆயுள் இன்ஷூரன்ஸ் எந்த அடிப்படையில் நடக்கிறது? ஆயிரம் பேரில் இந்த வருஷம் இத்தனை பேர் இறப்பார்கள் என்று சொல்லலாம். எல்லோரும் ஒரே நாளில் இறப்பதில்லை. ஒருவருக்குக் கொடுப்பதை மற்றவர்களின் பிரிமியம் தாங்கும். ஆட்கள் கூடக்கூடக் கணக்கு உறுதிப்படும்.

பங்கு மார்க்கெட் விழுந்தால் எல்லோருடைய கணக்கும் ஒரே நாளில் விழும். ஒருவருடைய நஷ்டத்தைத் தாங்க மற்றொருவர் இருக்க மாட்டார். தெருவில் ஒரு வீடு தீப்பற்றினால் மற்ற வீட்டார் தண்ணீர் கொண்டு வருவார்கள். தெரு முழுவதும் ஒரே நேரத்தில் பற்றினால் யார் கொண்டு வருவது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் பேர், ஆளுக்கு 1,00,000 டாலர் கட்டியிருக்கிறார்கள். உத்தரவாதக் கட்டணம் வருஷத்துக்கு 1 சதவீதம் என்று வையுங்கள். கம்பெனிக்கு வருஷம் 1 கோடி டாலர் வருகிறது. சந்தை 40 சதவீதம் விழுகிறது. ஆளுக்கு 40,000 டாலர் குறைவு. மொத்தம் 40 கோடி டாலர். பத்து வருஷக் கட்டணத்தை ஒரு காசு செலவழிக்காமல் வைத்திருந்தாலும் 10 கோடிதான் இருக்கும்.

இந்த 40 கோடியையும் மறுநாளே யாரும் கேட்கப்போவதில்லை. கம்பெனிகள் சாய்ந்துகொள்வது இதில்தான்.

இருபது வருஷம் கழித்து வரும் கடன்

மேலே சொன்னவரில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கட்டிய 1,00,000 டாலர் திரும்பும்வரை வருஷம் 5,000 டாலர் எடுத்துக்கொள்ளலாம் என்று அவருக்கு உத்தரவாதம். கணக்கில் இருப்பது 60,000. அது வளரவே இல்லை என்று வைத்துக்கொண்டால், முதல் 12 வருஷம் அவருடைய பணமே அவருக்குப் போகும். 13-வது வருஷத்திலிருந்து 20-வது வருஷம்வரை எட்டுத் தவணை, மொத்தம் 40,000 டாலர், கம்பெனி தன் பையிலிருந்து தர வேண்டும்.

இன்றைய ஐந்தொகையில் இதற்கு எவ்வளவு எழுதுவது? எதிர்காலப் பணத்தை வட்டியால் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது கணக்கு முறை. வட்டி 5 சதவீதம் என்று வைத்தால் இன்றைய கடன் சுமார் 18,000 டாலர். 2 சதவீதம் என்று வைத்தால் சுமார் 28,900 டாலர். மனிதர் அதே மனிதர். வாக்குறுதி அதே வாக்குறுதி. வட்டி என்ற ஒரே எண்ணை மாற்றினால் கடன் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஏறி இறங்குகிறது.

இதோடு இன்னும் பல அனுமானங்கள் சேரும். சந்தை எப்படி ஆடும்? அவர் எத்தனை வருஷம் இருப்பார்? பாதியில் பாலிசியைச் சரண்டர் செய்துவிட்டுப் போய்விடுவாரா? கடைசிக் கேள்வி முக்கியமானது. பலர் சரண்டர் செய்வார்கள் என்று எழுதினால் கடன் குறைந்து தெரியும். ஆனால் சந்தை விழுந்தபின் உத்தரவாதம்தான் பாலிசியில் மதிப்புள்ள பொருள். அதை விட்டுவிட்டுப் போக யாருக்கு மனம் வரும்? கம்பெனிக்கு எப்போது ஆட்கள் வெளியேற வேண்டுமோ, அப்போதுதான் அவர்கள் வெளியேற மாட்டார்கள்.

ஒரே பாலிசி, இரண்டு கணக்கு

2023-க்கு முன் அமெரிக்காவில் இருந்த விசித்திரத்தைப் பாருங்கள். பங்குதாரர்களுக்குக் காட்டும் கணக்கில், மரணத்துக்கான உத்தரவாதத்துக்கு ஒரு விதி. வரப்போகும் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி மெல்ல மெல்லச் சேர்த்தால் போதும். அன்றாடச் சந்தை நிலவரம் அதில் நேராகத் தெரியாது. பணம் எடுப்பதற்கான உத்தரவாதத்துக்கு வேறு விதி. அதை முன்பேர ஒப்பந்தம்போல் பாவித்து, ஒவ்வொரு காலாண்டும் சந்தை மதிப்பில் எழுத வேண்டும். ஒரே மனிதரின் ஒரே பாலிசியில் இரண்டு வாக்குறுதிகள், இரண்டு விதமாக அளக்கப்பட்டன.

சந்தை விழும்போது பலன் தரும் ஒப்பந்தங்களைக் கம்பெனிகள் வாங்கி வைப்பதுண்டு. இதை 'ஹெட்ஜிங்' என்பார்கள். நம் பாஷையில் முட்டுக் கொடுப்பது. அந்த முட்டு எப்போதும் சந்தை விலையில் எழுதப்படும். அது தாங்கும் கடனோ சில சமயம் அப்படி எழுதப்படாது. சந்தை ஏறும்போது முட்டில் நஷ்டம் தெரியும். கடன் குறைந்தது தெரியாது. உண்மையான ஆபத்துக்கு முட்டுக் கொடுப்பதா, காலாண்டுக் கணக்கு அழகாகத் தெரிவதற்கு முட்டுக் கொடுப்பதா என்று நிர்வாகம் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. முதலாளித்துவக் கணக்கு முறை ஆபத்தை அளப்பதோடு நிற்பதில்லை. எந்த ஆபத்தைக் கவனிப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

2008 தந்த பாடம்

2007 அக்டோபர் உச்சத்திலிருந்து 2009 மார்ச்சுக்குள் அமெரிக்காவின் ஐந்நூறு பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடு பாதிக்கு மேல் விழுந்தது. அதே காலத்தில் வட்டியும் விழுந்தது. சந்தையின் ஆட்டம் கூடியதால் முட்டுக் கொடுக்கும் செலவும் ஏறியது. மூன்றும் ஒரே திசையில் கடனை வீங்கச் செய்தன.

மாறும் ஆண்டுத்தொகையைப் பெருமளவில், ஜப்பான்வரை போய் விற்ற ஹார்ட்ஃபோர்ட் கம்பெனி, 2009-ல் அமெரிக்க அரசின் மீட்பு நிதியிலிருந்து 340 கோடி டாலர் வாங்கிக்கொண்டது. லிங்கன் நேஷனல் 95 கோடி டாலர் வாங்கியது. கடனைத் திருப்பிக் கட்டினார்கள் என்பது உண்மை. ஆனால் சந்தையைப் பற்றி நாள்தோறும் உபதேசம் செய்கிறவர்கள், சந்தை விழுந்த அன்று சர்க்காரின் வாசலில்தான் நின்றார்கள் என்பதும் உண்மை. ஹார்ட்ஃபோர்ட் 2012-ல் இந்தச் சரக்கைப் புதிதாக விற்பதையே நிறுத்தியது. பிறகு பழைய வாடிக்கையாளர்களிடம், "பணம் சேர்த்துத் தருகிறோம், உத்தரவாதத்தைக் கைவிடுங்கள்" என்று கேட்டது. வாக்குறுதியைத் திரும்ப வாங்கப் பணம் கொடுக்கிறார்கள் என்றால், அது கடன் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்?

இதைவிட விசித்திரம் ஒன்று உண்டு. 2008-ல் அமுலுக்கு வந்த ஒரு விதிப்படி, சந்தை மதிப்பில் கடனை அளக்கும்போது, கம்பெனியே கடனைத் தீர்க்காமல் போகக்கூடிய ஆபத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கம்பெனி நலிந்தால் கழிக்கும் வட்டி ஏறும். நம் உதாரணத்தில் வட்டியை 8 சதவீதமாக்கினால் கடன் சுமார் 11,400 டாலராகச் சுருங்குகிறது. சுருங்கியது லாபக் கணக்கில் வரவாக ஏறும்! கம்பெனியை நம்ப முடியாத நிலை வந்ததால் கம்பெனிக்கு லாபம். எழுபது வயதுப் பாலிசிதாரரிடம் இந்தக் கணக்கை யாராவது விளக்கிச் சொல்ல முடியுமா?

விதிகள் மாறின

நெருக்கடிக்குப் பின் சில திருத்தங்கள் வந்தன. ஒழுங்குமுறை அதிகாரிகளுக்காக எழுதும் கணக்கில், 2009 டிசம்பர் 31 முதல் புது முறை. சந்தை எதிர்காலத்தில் போகக்கூடிய பல பாதைகளைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆயிரம் பாதைகள் என்றால், மிக மோசமான முந்நூறை எடுத்து, அவற்றின் சராசரி நஷ்டத்துக்கு ஒதுக்கு வைக்க வேண்டும். பங்குதாரர்களுக்கான கணக்கிலும் 2018-ல் வந்த விதி, பெரிய கம்பெனிகளுக்கு 2023 முதல் அமுலானது. சந்தை ஆபத்துள்ள உத்தரவாதங்கள் எல்லாமே இனி சந்தை மதிப்பில்தான் எழுதப்பட வேண்டும். கம்பெனியின் நலிவால் கடன் சுருங்கினால் அதை அந்த வருஷத்து லாபத்தில் காட்ட முடியாது. வேறு தலைப்பில் ஒதுக்க வேண்டும்.

இவை நல்ல திருத்தங்களே. ஆனால் கடுமையான விதி வரும் இடத்திலிருந்து கடனையே நகர்த்திவிடும் வித்தையும் உண்டு. கம்பெனி தனக்கே சொந்தமான ஒரு கிளைக் கம்பெனியை, விதிகள் தளர்ந்த இடத்தில் பதிவு செய்து, கடமைகளை அதன் பெயருக்கு மாற்றும். ஆயுள் இன்ஷூரன்ஸ் துறையில் இப்படி மாற்றப்பட்ட கடமைகளை நியூயார்க் மாநில அதிகாரிகள் 2013-ல் ஆராய்ந்தபோது, அங்குள்ள கம்பெனிகளும் அவற்றின் கூட்டாளிகளும் மட்டும் 4,800 கோடி டாலர் மாற்றியிருந்தது வெளியாயிற்று. மறு வருஷம், ஆக்ஸா ஈக்விட்டபிள் கம்பெனி 2 கோடி டாலர் அபராதம் கட்டியது. உத்தரவாதம் உள்ள பாலிசிகளின் நிதிகளில் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் முறையை நுழைத்தபோது, அதன் முக்கியத்துவத்தை அதிகாரிகளுக்குச் சரியாகத் தெரிவிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. ஏற்ற இறக்கம் குறைந்தால் கம்பெனி கொடுத்த உத்தரவாதத்தின் மதிப்பும் குறையும். வாங்கியவர் முழுக் கட்டணம் கட்டிக்கொண்டேயிருப்பார்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே, உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: வாக்குறுதி கொடுத்த அன்றே அது கடன் பக்கத்தில் ஏறியதா, இல்லை கட்டணம் மட்டும் வரவில் ஏறியதா?

இரண்டு: மோசமான நாட்களை வைத்துக் கணக்கிட்டார்களா? வட்டியும் சரண்டரும் யார் போட்ட அனுமானம்? அதைக் குறைத்தோ கூட்டியோ போட்டால் யாருக்கு லாபம்?

மூன்று: கம்பெனியால் முடியாவிட்டால் பின்னால் நிற்பது யார்? அமெரிக்காவில் மாநிலந்தோறும் பாதுகாப்புச் சங்கங்கள் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டுத்தொகைக்கு 2,50,000 டாலர்வரைதான் பாதுகாப்பு. நம் நாட்டில் 1956-ம் வருஷத்து எல்.ஐ.சி. சட்டத்தின் 37-வது பிரிவு, பாலிசிகளின் காப்புத் தொகைக்கு மத்திய அரசின் உத்தரவாதம் தருகிறது. அதன் அருமை இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டால்தான் தெரியும்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. 2004 முதல் சேர்ந்த மத்திய அரசு ஊழியர்களைச் சந்தையோடு கட்டினார்கள். எதிர்ப்புக்குப் பின், 2025 ஏப்ரல் முதல் உறுதியளித்த பென்ஷன் என்ற இன்னொரு வழியும் வந்திருக்கிறது. அதற்கென அரசு தன் பங்கிலிருந்து 8.5 சதவீதத்தைப் பொது நிதியில் போடுகிறது. அந்த நிதி போதுமா, சந்தை விழுந்தால் எந்த அனுமானம் நிற்கும் என்று வருஷாவருஷம் கணக்குக் கேட்பது ஊழியர் சங்கங்களின் வேலை.

தோழர்களே! கணக்குப் புத்தகம் நமக்குப் புரியாது என்று மற்றவர்கள் நினைக்கும்வரை, அதில் எதை வேண்டுமானாலும் எழுதுவார்கள். ஐந்தொகையைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். சங்கக் கூட்டங்களில் அதை விரித்து வைத்துப் பேசுவோம். இன்றைய டிவிடெண்டுக்காக நாளைய பென்ஷனைக் கரைக்க விடாமல் தடுப்போம்!