பெயர் சொல்லி ஜெபியுங்கள்



இன்று இறையியல் பட்டம் பெறும் தம்பி தங்கைகளே, நீங்கள் போகப்போகிற சேகரங்களில் உங்களிடம் வரும் முதல் வேண்டுகோள் பிரசங்கத்தைப் பற்றியதாக இருக்காது. ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்றுகொண்டிருப்பீர்கள். ஓர் அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, மகனுக்கு நாளைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க, ஜெபத்துல நினைச்சுக்கிடுங்க" என்பார். அவருக்குப் பின்னால் நாலு பேர் காத்திருப்பார்கள். "கண்டிப்பா ஜெபிக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்புவீர்கள். அந்த அம்மா வீட்டுக்குப் போய், "ஐயரு ஜெபிக்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்று மகனிடம் சொல்லுவார். அன்றிரவு அந்த வீட்டில் அதை நம்பித்தான் படுப்பார்கள். எபிரெயமும் கிரேக்கமும் எழுதித் தேறிவிட்டீர்கள். அந்த அம்மாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறீர்களா என்று பார்க்க ஒரு தேர்வும் இல்லை. யாரும் உங்களைக் கேட்கப் போவதும் இல்லை. அதனால்தான் இன்றைக்கு அதைப் பற்றியே பேச வந்திருக்கிறேன்.

ஆதியாகமம் 18ஆம் அதிகாரத்தைப் பலமுறை படித்திருப்பீர்கள். சோதோமுக்காக ஆபிரகாம் கர்த்தரிடம் வழக்காடுகிறார். ஐம்பது நீதிமான்களில் ஆரம்பித்து, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, கடைசியில் பத்து என்று இறங்கி வருகிறார். அந்த ஊரில் அவருடைய சகோதரன் மகன் லோத்து குடும்பத்தோடு இருக்கிறான். ஆனால் அந்த மன்றாட்டில் லோத்தின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. தன் சொந்தத்துக்காகக் கெஞ்சப் போன மனுஷன், ஒரு ஊர் முழுவதையும் தூக்கிக்கொண்டு கர்த்தருக்கு முன்னால் நிற்கிறார். அந்த ஊராரின் நடத்தை அவருக்குத் தெரியாததல்ல. யோபுவைப் பாருங்கள். அவருடைய சிறையிருப்பு மாறியது, தம்மைக் குற்றவாளி என்று வாய் ஓயாமல் தீர்த்த சிநேகிதருக்காக அவர் வேண்டுதல் செய்தபோதுதான். நம் மன்றாட்டுகளோ பெரும்பாலும் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

வாசலைத் தாண்டிய ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் நம் சபைப் பிரிவைச் சேர்ந்தவர் அல்ல, கத்தோலிக்கக் குரு. பெயர் பெர்ன்ஹார்ட் லிக்டன்பெர்க். பெர்லினில் புனித ஹெட்விக் பேராலயத்தில் பணியாற்றினார். 1938 நவம்பர் 9ஆம் தேதி இரவு ஜெர்மனி முழுவதும் யூதர்களின் ஜெப ஆலயங்கள் கொளுத்தப்பட்டன. கடைகள் நொறுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆண்கள் வதைமுகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மறுநாள் மாலை ஜெபத்தில், வெளியே எரிவதும் கடவுளுடைய வீடுதான் என்று அவர் தம் சபையாரிடம் சொன்னார். யூதர்களுக்காக ஜெபித்தார். அத்தோடு விட்டுவிடவில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு மாலையும், ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், எல்லாரும் கேட்கும்படி அதே மன்றாட்டு. வரவர அந்தப் பட்டியல் நீண்டது. யூதர்கள், யூத வம்சத்தில் பிறந்த கிறிஸ்தவர்கள், முகாம்களில் அடைபட்டவர்கள், நாடற்ற அகதிகள், போரில் இரண்டு பக்கத்திலும் சாகிற வீரர்கள், சொந்த நாட்டிலும் எதிரி நாட்டிலும் குண்டு விழுந்த நகரங்கள். போர்க்காலத்தில் எதிரியின் ஊருக்காகவும் பீடத்துக்கு முன்னால் நின்று ஜெபித்தார் என்பதைக் கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள்.

1941 ஆகஸ்டில் கோயிலுக்கு வந்திருந்த மாணவிகள் இருவர் அதைக் கேட்டுவிட்டுப் போய்ப் புகார் கொடுத்தார்கள். அக்டோபரில் நாஜி அரசின் ரகசியக் காவல்துறையான கெஸ்டபோ அவரைக் கைது செய்தது. விசாரணையில் அவர் எதையும் மறுக்கவில்லை, யார் யாருக்காக ஜெபித்தேன் என்று வரிசையாகச் சொன்னார். யூதர்களை ரயிலேற்றி அனுப்பிக்கொண்டிருந்த லோட்ஸ் நகருக்குத் தம்மையும் அவர்களோடு அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். 1942இல் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை. காவலில் இருந்த நாட்களையும் சேர்த்துத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. டாகாவ் வதைமுகாமுக்குக் கொண்டுபோகும் வழியில், ஹோஃப் என்ற ஊரில், 1943 நவம்பர் 5 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 67.

ஒரு கிழவரின் மாலை ஜெபத்தைக் கண்டு ஓர் அரசு ஏன் பயப்பட வேண்டும்? அந்த மனிதர்களை அக்கம்பக்கத்தார் மறந்துபோக வேண்டும் என்று அரசு பாடுபட்டுக்கொண்டிருந்தது. இவர் அவர்களைத் தினமும் மாலையில் சபையின் நடுவே கொண்டுவந்து நிறுத்தினார். யாருக்காக வாய்திறந்து ஜெபிக்கிறோமோ, அவரை அதற்குப் பிறகு தெரியாதவர்போல் கடந்துபோக முடியாது. லிக்டன்பெர்க்குக்கும் அதுதான் நடந்தது. ஜெபத்தில் பெயர் சொன்னவர்களோடு ரயிலேறிப் போகவும் அவர் ஆயத்தமானார்.

உங்களில் சிலர் மனதில் இப்போது ஒரு கேள்வி எழும். எழ வேண்டும். அவர் ஜெபித்த அந்த யூதர்கள் தப்பினார்களா? லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். ஆபிரகாம் மன்றாடியும் சோதோம் எரிந்தது. இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லுகிற ஊழியர்களை நம் நாட்டில் நிறையப் பார்க்கிறோம். விசுவாசத்தோடு கேட்டால் நடந்தே தீரும் என்பார்கள். நடக்காவிட்டால், கேட்டவர் விசுவாசம் போதாது என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சிக் கேட்கிறேன், ஒரு நாளும் சொல்லாதீர்கள்.

பேதுருவைச் சாத்தான் புடைக்கக் கேட்டபோது, இயேசு அந்தப் புடைத்தலை விலக்கும்படி வேண்டிக்கொண்டதாக லூக்கா எழுதவில்லை. பேதுருவின் விசுவாசம் அணையாமல் இருக்கவே வேண்டிக்கொண்டார். பேதுரு மறுதலித்தார், அழுதார், திரும்பி வந்தார். திரும்பி வர ஒரு வழி இருந்தது என்றால், அந்த மன்றாட்டு அவருக்கு முன்னாலேயே போயிருந்ததுதான் காரணம். கர்த்தர் கேட்கிறார் என்று நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அவர் என்ன செய்ய வேண்டும் என்று கட்டளையிடும் உரிமை நமக்கு இல்லை என்றும் விசுவாசிக்கிறேன். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

உங்களைப்போன்ற இறையியல் மாணவர்களோடு வாழ்ந்த ஜெர்மன் இறையியலாளர் டீட்ரிக் பான்ஹோஃபரை உங்களுக்குத் தெரியும். பின்கென்வால்டே என்ற ஊரில் அவர் நடத்திய பயிற்சிக் கல்லூரியைக் கெஸ்டபோ 1937இல் மூடியது. மாணவர்கள் சிதறிப்போன பிறகும் சுற்றறிக்கைக் கடிதம் எழுதி அவர்களை ஒன்றாகப் பிடித்துவைத்திருந்தார். போர் வந்தபின் அந்தக் கடிதங்களில் மாண்டுபோன மாணவர்களின் பெயர்களும் வந்தன. அந்தக் கல்லூரியில் சேர்ந்து வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றி 1939இல் வெளியான சிறு புத்தகத்தில் அவர் சொல்லும் ஒரு கருத்தை நம் திருமண்டலங்கள் இன்று கேட்டாக வேண்டும். யாருக்காக ஜெபிக்கிறோமோ அவர் எவ்வளவு தொந்தரவு கொடுத்தாலும், அவரை வெறுக்க நம்மால் முடியாது என்கிறார்.

திருமண்டலத் தேர்தல் வந்தால் நம் சபைகள் என்ன ஆகின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே பந்தியில் அப்பமும் ரசமும் வாங்கினவர்கள் வெளியே வந்ததும் முகம் பார்ப்பதில்லை. நீதிமன்றம்வரை போகிறோம். நீங்கள் எந்தச் சேகரத்துக்குப் போனாலும் ஒரு கோஷ்டி உங்களைத் தன் பக்கம் இழுக்கும். உங்களை எதிர்த்து மனுக் கொடுக்கிறவருடைய பெயரை, அவர் பிள்ளைகளின் பெயரோடு சேர்த்து, விடியற்காலையில் சொல்லி ஜெபியுங்கள். அவருடைய மனம் மாறுமா என்று எனக்குத் தெரியாது. கமிட்டிக் கூட்டத்தில் அவரைப் பார்த்து நீங்கள் பேசும் தொனி மாறிவிடும்.

எப்படித் தொடங்குவது? போனவுடன் உபதேசியாரிடம் சபைக் குடும்பப் பதிவேட்டைக் கேட்டு வாங்குங்கள். தினமும் ஐந்து வீடு போதும். நோயாளிக்கு மட்டும் என்று ஒதுக்காதீர்கள். சுகமாக இருப்பவருக்கும் ஜெபம் வேண்டும். பதிவேட்டின் கடைசியில் ஒரு வெற்றுத்தாளை ஒட்டுங்கள். அதில் பதிவேட்டில் இல்லாதவர்களை எழுதுங்கள்: எதிர்வீட்டு இந்துக் குடும்பம், தெரு முனைப் பள்ளிவாசல் இமாம், குடிசை இடிக்கப்பட்ட ஜனங்கள், உங்கள் ஊரில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் பீகார் இளைஞர்கள். வாசலில் யாராவது ஜெபக்குறிப்பு கொடுத்தால், அந்த இடத்திலேயே கண்ணை மூடி இரண்டு வாக்கியம் ஜெபித்துவிடுங்கள். பின்னால் நிற்கும் நாலு பேரும் காத்திருக்கட்டும். அடுத்த வாரம் அந்த அம்மாவைப் பார்த்ததும், "ஸ்கேன் ரிசல்ட் என்னம்மா ஆச்சு?" என்று நீங்களே முந்திக் கேளுங்கள்.

இந்த ஆண்டு பட்டம் பெறுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை முதல்வர் அலுவலகத்தில் கேட்டு வாங்கியிருக்கிறேன். யார் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்பது அதில் இல்லை. நியமனம் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப்போடுங்கள். ஊர்ப் பெயரும், அங்கே உங்களுக்கு எது பாரமாக இருக்கிறது என்பதும் போதும்.