சுமையோடு தூக்கிப் பாருங்கள்



கூடாரத்தோடு நல்லாபோர் சமவெளியைக் கடக்க எந்த மோட்டார் சைக்கிள் நல்லது என்று மகன் கேட்டான். “வன்னியில் கூடாரத்தில் கிடந்தது போதாதா?” என்றார் அம்மம்மா.

எல்லோரும் முதலில் குதிரைவலுவைப் பார்க்கிறார்கள். நான் கணக்காளன், பாரத்தைப் பார்ப்பேன். என் பழைய வண்டி ஒருமுறை சரளைக்கல்லில் நிறைசுமையோடு சரிந்தது. பெட்டிகளைக் கழற்றிய பிறகுதான் நிமிர்த்த முடிந்தது. முதுகு ஒரு மாதம் நொந்தது.

கையேட்டிலுள்ள அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் எடையைக் கழியுங்கள். அந்த மிச்சத்துக்குள் நீங்கள், பெட்டிகள், கூடாரம், தண்ணீர் எல்லாம் அடங்கவேண்டும்.

அடுத்தது உயரம். யமஹா டெனேரே 700 இன் இருக்கை 875 மில்லிமீற்றர். ஐந்தடி ஐந்தங்குலமான எனக்கு நுனிக்கால்தான் நிலத்தில் படும். ஹொண்டா என்எக்ஸ் 500 இல் 830தான். எடை 196 கிலோ, எரிபொருள் தாங்கி 17.5 லீற்றர். எதிர்க்காற்றை நினைத்து லீற்றருக்கு 22 கிலோமீற்றர் என்று குறைத்துப் போட்டாலும் 385 வரும். எயர் நெடுஞ்சாலையில் பெற்றோல் நிலையங்களுக்கிடையே ஆகக்கூடிய தூரம் 200க்குள்தான்.

மகனுக்கு டெனேரேயில்தான் ஆசை. அவன் ஆறடி. என்றாலும் சுமையேற்றிய ஒன்றை ஓடிப் பார்த்தபிறகு காசைக் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.