கம்பெனிக்குள் நடக்கும் விசாரணையும் நம்ம வீட்டுப் பொண்ணுங்களும்



நான் பத்தாவது வரை படிச்சவ. வீட்டைப் பாத்துக்கறவ. ஆனா விடியக்காலையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் போகிற கம்பெனி பஸ்ஸில் ஏறுறது நம்ம பொண்ணுங்கதான். அதனால்தான் இந்தப் பேச்சு.

2021 டிசம்பரில் நடந்தது ஞாபகம் இருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கானில் ஐபோன் செய்யும் பெண்கள் பூந்தமல்லி பக்கம் விடுதியில் தங்கியிருந்தாங்க. சாப்பாடு விஷமாகி 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க. கூட வேலை செய்தவங்க என்ன ஆனாங்கன்னு தெரியாமல் தவிச்ச பெண்கள், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் ஆப்பிள் நிறுவனம் வெளித் தணிக்கையாளர்களை அனுப்பியது. சில விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தரமாக இல்லைன்னு அந்த நிறுவனமே சொன்னது. மூடின ஆலை 2022 ஜனவரி 12-ல்தான் திறந்தது.

ரோட்டுக்கு வந்த பிறகு நடந்த விசாரணை, முதல் புகாரிலேயே நடக்கணும். அதுதான் நம்ம கேள்வி.

விசாரணைன்னா நமக்குப் புதுசா? குழுவில் கணக்கு இடிச்சா யாரையும் திட்டறதுக்கு முன்னாடி தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பாஸ்புக் மூணையும் எடுத்து வைக்கிறோம். கணக்கு எழுதினவங்களையே தணிக்கை செய்ய விடறதில்லை. ரெண்டு பக்கமும் கேட்டு, எழுதி, கையெழுத்து வாங்கறோம். கம்பெனி விசாரணைக்கும் இதேதான் முறை.

பாலியல் தொந்தரவுக்கு 2013-லேயே சட்டம் வந்தாச்சு. 10 பேர் வேலை செய்யும் இடத்திலும் உள்புகார்க் குழு இருக்கணும். தலைவி பெண்ணாக இருக்கணும். பாதிப்பேராவது பெண்களாக இருக்கணும். வெளியாள் ஒருத்தரும் இருக்கணும். நடந்த 3 மாசத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கணும்; எழுத முடியாதவங்களுக்குக் குழுவே உதவணும். 90 நாளில் விசாரணை முடியணும். பேரை வெளியே விடக்கூடாது. கான்ட்ராக்ட் பொண்ணு, பயிற்சிப் பொண்ணு எல்லாருக்கும் இது பொருந்தும். 10 பேருக்குக் குறைவான இடமோ, முதலாளி மேலேயே புகாரோ என்றால் மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கு. சாப்பாடு, விடுதி, சம்பளக் குறைக்குத் தொழிலாளர் துறை இருக்கு. அவசரத்துக்கு 181.

ஆனா பல புகார் கம்பெனி வாசலுக்கே போறதில்லை. நம்ம வீட்டு வாசலிலேயே நின்னுடுது. "வெளியே சொன்னா கல்யாணம் ஆகுமா? பேசாம வேலையை விட்டுடு"ன்னு சொல்லிடறோம். தப்பு செஞ்சவன் வேலையில் இருக்கான். நம்ம பொண்ணு வீட்டில் இருக்கா. இது என்ன நியாயம்?

அதனால் மூணு விஷயம் கேக்கிறேன். பொண்ணு சொன்னதும் முதலில் நம்புங்க. தேதி, நேரம், இடம், யார் பார்த்தாங்கன்னு அன்னைக்கே நோட்டில் எழுத வைங்க. புகார் கொடுத்தா, வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்துப் போட்ட நகல் வாங்கச் சொல்லுங்க.

அந்தக் குழுக்களில் வெளியாளாக உட்காரும் தகுதி நம்ம கூட்டமைப்புப் பெண்களுக்கும் வரணும். கணக்குப் பாக்கத் தெரிஞ்ச நமக்கு நியாயமும் பாக்கத் தெரியும். அதுக்கான பயிற்சியைக் கூட்டமைப்பு கேட்டு வாங்கித் தரணும்னு தீர்மானம் போடுங்க. முதல் கையெழுத்து நான் போடறேன்.