வாசிப்பும் ஒப்புவிப்பும்

ஆரம்ப பாடசாலையொன்றின் இரண்டாம் வகுப்பிலே சிறுவனொருவன் எழுந்துநின்று, பாடப்புத்தகத்தின் பக்கமொன்றைத் தட்டுத்தடையின்றிச் சொல்லி முடிக்கின்றான். ஆசிரியர் மகிழ்கின்றார், பெற்றோரும் மகிழ்கின்றனர். ஆனால், அவனுடைய விரல் ஒரு வரியிலும் வாய் வேறொரு வரியிலும் இருந்ததை எவரும் கவனிக்கவில்லை. அவன் வாசிக்கவில்லை, கேட்டுக் கேட்டு மனத்திற் பதிந்ததை ஒப்புவித்தான்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதே வாசிப்புத் திறனை மதிப்பிடுவோரின் முதற் கடமையாகும். எழுத்துப் பரீட்சையால் இது கைகூடாது. விடை பிழைத்ததென்பதை மட்டுமே அது காட்டும். பிள்ளை வினாவை வாசிக்க இயலாது பிழைத்ததா, வாசித்தும் பொருள் விளங்காது பிழைத்ததா என்பதைக் காட்டாது.

ஆகவே, பிள்ளையைத் தனியே அருகில் இருத்தி, அது முன்பு கண்டிராத பந்தியொன்றை வாசிக்கச் செய்து செவிமடுத்தல் வேண்டும். இந்தியாவிலே 'பிரதம்' என்னும் நிறுவனம் 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய கல்விநிலைக் கணிப்பு இம்முறையையே கைக்கொண்டது. தொண்டர்கள் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று, எழுத்து, சொல், முதலாம் வகுப்புப் பந்தி, இரண்டாம் வகுப்புக் கதை என்னும் நான்கு படிகளிலே பிள்ளைகளைச் சோதித்தனர். 2022ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, ஐந்தாம் வகுப்பிற் பயின்றோருள் 100க்கு ஏறத்தாழ 43 பேரே அந்த இரண்டாம் வகுப்புக் கதையை வாசிக்க வல்லவராயிருந்தனர். ஏனையோர் வகுப்பேறினர், வாசிப்பு ஏறவில்லை.

தமிழ் வாசிக்கும் பிள்ளையின் பிழைகளும் பலவகைப்படும். 'கெ' என்பதிலே உயிரின் குறி மெய்க்கு முன்னே நிற்கின்றது. ஒலியோ பின்னே வருகின்றது. 'கொ' என்பதிலே குறி இருபுறமும் நிற்கின்றது. இங்கே தடுமாறும் பிள்ளைக்கு வேண்டுவது உயிர்மெய்ப் பயிற்சி. 'மெகு', 'கொபு' போன்ற பொருளற்ற எழுத்துக் கூட்டங்களைக் கொடுத்தால், மனப்பாடம் உதவாது. எழுத்தறிவின் அளவு வெளிப்படும். வேறொரு பிள்ளை எழுத்துக்கூட்டி வரியின் முடிவை அடையும்போது, அதன் தொடக்கத்தை மறந்துவிடும். அதற்கு வேண்டுவது சரளம். மற்றொரு பிள்ளை விரைவாக வாசித்தும், "ஏன் அவ்வாறு நடந்தது?" என்னும் வினாவுக்கு விழிக்கும். அதற்கு வேண்டுவது சொல்வளமும் உரையாடலும்.

இவ்வாறு ஒவ்வொரு பிள்ளைக்கும் சில நிமிடங்கள் போதும். ஒரு தாளிலே பிழைகளைக் குறித்துவைத்து, தவணைதோறும் ஒப்புநோக்கினால் வளர்ச்சி புலனாகும். அத்தாளிலே புள்ளியும் நிலையும் இடம்பெற வேண்டியதில்லை. நோயறியும் வைத்தியர் நோயாளரை வரிசைப்படுத்துவதில்லையன்றோ? பிள்ளையின் பிழை அதன் குற்றமன்று. அடுத்த பாடம் எங்கே தொடங்கவேண்டும் என்பதை ஆசிரியருக்குக் காட்டும் வழிகாட்டியாகும்.