கூரையில்லா வண்டியின் பலம்



பழைய மோட்டார் வண்டியைப் புதுப்பித்தல் என்றவுடன், பளபளக்கும் வர்ணமும் வெள்ளிபோல் மின்னும் விளக்கு வளையங்களுமே பலருடைய மனக்கண்ணில் தோன்றும். உண்மையில் வர்ணம் கடைசியில் வருவது. அதற்கு முந்திய வேலையெல்லாம் யாரும் பாராத இடத்தில் நடைபெறுகிறது. துணிக்கூரையை மடித்து வைக்கக்கூடிய திறந்த வண்டியாக இருந்துவிட்டால், அந்த மறைவான வேலைதான் ஏறி அமர்வோருடைய உயிரைக் காப்பது. பூதலூரில் அத்தகைய ஹெரால்ட் வண்டி ஒன்றை அடியோடு பிரித்து மீண்டும் சேர்த்தபோது நான் தெரிந்துகொண்டவற்றை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

ஹெரால்ட், இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு–ட்ரையம்ப் நிறுவனத்தார் 1959ஆம் ஆண்டு வெளியிட்ட வண்டி. அதன் உருவத்தை வகுத்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. அடுத்த ஆண்டே அதன் திறந்த வகையும் வெளிவந்தது. அக்காலத்தில் மற்ற நிறுவனங்கள் உடலையும் சட்டத்தையும் ஒன்றாகப் பிணைத்து வண்டி செய்யத் தொடங்கியிருந்தன. ஹெரால்டோ இரும்புச் சட்டம் தனியாகவும், அதன்மேல் திருகாணிகளால் பூட்டிய உடற்பகுதிகள் தனியாகவும் அமைந்தது. நம் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்ற பெயரில் இவ்வண்டியை உற்பத்தி செய்தார்கள். அந்த உற்பத்தி நின்று பல ஆண்டுகள் கடந்தும், 948 கன சென்டிமீட்டர் அளவுள்ள அதன் யந்திரத்தை அறிந்த முதிய தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் பொறுமையோடு தேடினால் சில உறுப்புகளும் கிடைக்கும்.

கூரையின் பயன் வெயிலையும் மழையையும் தடுப்பது மட்டுமன்று. ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து, மூடியை நன்றாக ஒட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள், எளிதில் முறுகாது. மூடியை அகற்றிவிட்டு முறுக்கினால் உடனே கோணும். மோட்டார் வண்டிக்கும் இதே நியாயந்தான். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது வண்டி முறுக்குண்கிறது. மூடிய வண்டியில் அந்த விசையில் ஒரு பங்கைக் கூரை ஏற்றுக்கொள்ளும். திறந்த வண்டியில் முழுப் பாரமும் அடியில் உள்ள இரும்பின்மேல் விழுகிறது.

அந்த அடியிரும்பைத்தான் துரு முதலில் பற்றுகிறது. இரும்பு, நீர், பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் துரு பிறக்கும். கல்லணைத் தண்ணீர் பாயும் வயற்புறத்தில், ஐப்பசி கார்த்திகை மழையில், வைக்கோற் கொட்டகைக்குள் நிற்கும் வண்டிக்கு இம்மூன்றில் எதற்கும் குறைவில்லை. தின்ற இரும்பைவிடத் துரு மிகுதியான இடத்தை அடைத்துக்கொள்வதால், இணைப்புகள் உள்ளிருந்தே பிதுங்கிப் பிளக்கின்றன. எங்கள் வண்டியில் மேலே வர்ணம் ஓரளவு நன்றாகவே இருந்தது. அடிச்சட்டத்தின் பக்கக் கைகளைச் சுத்தியலால் தட்டியபோதோ, கணீரென்ற ஓசைக்குப் பதிலாகப் பொத்தென்ற ஓசை எழுந்தது.

அப்போது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. துளைகளைப் பசையால் அடைத்து வர்ணம் பூசினால் சில வாரங்களில் வண்டி ஊர்வலத்துக்குத் தயாராகிவிடும். வீட்டார் விரும்பியதும் அதுவே. ஆனால் பசை பாரம் தாங்காது. ஆகவே நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது என்று முடிவு செய்தோம்.

வெட்டுவதற்கு முன் கதவுகளின் இடைவெளியில் இரும்புக் குறுக்குச் சட்டங்களை முடுக்கினோம். இல்லாவிடில் உடலைத் தூக்கும்போது அது மடங்கிவிடும்; பிறகு கதவு ஒருநாளும் பொருந்தாது. உடலை இறக்கிய பின் சட்டத்தின் மூலைவிட்டங்களை அளந்தோம். எதிர்ப்பக்கங்கள் சமமாயிருந்து, இரு மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம் என்பது நீங்கள் வடிவ கணிதத்தில் படித்ததுதானே? வீட்டுக்குக் கடைக்கால் போடும் கொத்தனார் கயிற்றைப் பிடித்துப் பார்ப்பதும் இதே கணக்குத்தான். ஒவ்வொரு பற்றுக்குப் பிறகும் மீண்டும் அளந்தோம். சூட்டினால் இரும்பு இழுத்துக்கொள்ளும் அல்லவா?

சிறு உறுப்புகளின் துருவை நீக்க ரசாயனம் துணைசெய்தது. சலவைச் சோடா கரைத்த நீரில் துருப்பிடித்த உறுப்பை எதிர்மின் முனையிலும், கழிவு இரும்பை நேர்மின் முனையிலும் இணைத்துத் தாழ்ந்த அழுத்த மின்சாரம் செலுத்தினால் துரு கழன்றுவிடும். இதில் தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் திறந்த வெளியில்தான் செய்யவேண்டும். எவர்சில்வர் துண்டை நேர்மின் முனையில் வைக்கவே கூடாது. நச்சுத்தன்மையுள்ள குரோமியக் கூட்டுப்பொருள் நீரில் கலந்துவிடும்.

ஹெரால்டின் முன்சக்கரங்கள் திரும்பும் இடத்தில், எஃகுத் திருகு ஒன்று வெண்கல உறைக்குள் சுழல்கிறது. அதற்குக் கெட்டியான பற்சக்கர எண்ணெய் இடவேண்டும், கிரீஸ் இடலாகாது. எண்ணெய் வற்றினால் உள்ளே துரு ஏறி, ஒருநாள் எஃகு முறிந்து சக்கரம் சாய்ந்துவிடும். கைப்பிடிக்குள் அடங்கும் அந்த உறுப்பு, வண்டியின் முகப்பு முழுவதையும்விட முக்கியமானது.

யந்திரத்தைப் பொறுத்தவரை, பழமையை அப்படியே காப்பது சரியன்று. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது. அந்த ஈயமே பழைய யந்திரங்களின் வால்வு இருக்கைகளைத் தேய்மானத்திலிருந்து காத்துவந்தது. ஆகவே கடினமான புதிய இருக்கைகளைப் பொருத்தினோம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்குமாதலால் அவற்றையும் மாற்றினோம். தேய்ந்திருந்தும் உறுதி குன்றாத உறுப்புகளை அப்படியே வைத்துக்கொண்டோம். தழும்பு இருப்பது குற்றமன்று, பலமின்மையே குற்றம்.

துணிக்கூரையை வெயிலேறிய பின் இழுத்துப் பூட்டினோம். சூட்டில் அது இளகிக் கொடுக்கும். அதன் பிறகு கதவைச் சாத்திப் பார்த்தோம். ஒரு விரலால் தள்ளியதும் அது மெல்லென்று வந்து பொருந்திற்று. சட்டம் நேராக இருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

கோயம்புத்தூரில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடீ மோட்டார் காட்சிச்சாலைக்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கலாம். அங்கே பழைய வண்டிகளின் அழகை நின்று பாருங்கள். திறந்த வண்டி ஒன்று தென்பட்டால், சற்றே குனிந்து அதன் அடியையும் பாருங்கள். அதன் கூரைக்கும் சேர்த்து உழைக்கும் இரும்பு அங்கேதான் இருக்கிறது.